நன்றாக இருக்கும்போதே எழுதி வை

வடலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு அக்கா எழுதுவது.

நேற்று போனில் நீ கேட்ட எதற்கும் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. நீ அழுதுகொண்டே இருந்தாய். பக்கத்தில் யாரோ "செய்வினையாத்தான் இருக்கும்" என்று சொன்னதும் காதில் விழுந்தது. அந்த நேரத்தில் நான் என்ன சொல்லியிருந்தாலும் உன் மனசில் நின்றிருக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் பெரியவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவனிடமும் படிக்கக் கொடு. உன் மாமாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன். இதில் பாதி அவர் கதை.

டாக்டர் சொன்ன பேரைக் கேட்டுவிட்டு "என் பிள்ளைக்குப் பைத்தியமா அக்கா?" என்றாய். இல்லை பாப்பா. பைபோலார் என்பது மனநிலையையும் தூக்கத்தையும் உடம்பின் வேகத்தையும் ஒருசேரக் கெடுக்கிற நோய். சில வாரம் ஆள் தலைகால் தெரியாமல் ஓடுவான். தூக்கம் வேண்டியிருக்காது, பேச்சு நிற்காது, காசு தண்ணியாய் ஓடும், தன்னால் முடியாதது உலகத்தில் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். இதைத்தான் மேனியா என்கிறார்கள். அப்புறம் சில வாரமோ சில மாதமோ, எழுந்து பல் தேய்ப்பதே மலையாக இருக்கும். இதுதான் மனச்சோர்வு. இரண்டுக்கும் நடுவே ஆள் பழையபடி இருக்கிற காலம் ஒன்று உண்டு. ஒழுங்காக வைத்தியம் பார்த்தால் அந்தக் காலம் வருஷக்கணக்கில் நீளும். காலேஜ் போகிற வயசில்தான் இது பெரும்பாலும் தலைகாட்டும். புராஜெக்ட்டுக்காக ராத்திரியெல்லாம் கண் விழித்த பையனுக்கு வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கண் விழித்ததால் நோய் உண்டாகவில்லை. உள்ளே இருந்ததைத் தூக்கமின்மை கிளப்பிவிட்டது, அவ்வளவுதான்.

நீ மட்டும் தனியாக மாட்டிக்கொண்டாய் என்று நினைக்காதே. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. பெரியவர்களில் ஏறக்குறைய 200 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இந்த நோயைப் பார்க்கிறார் என்று அதில் தெரிந்தது. எங்கள் வடலூர் போன்ற ஊருக்கே நூறு பேருக்கு மேல் வரும். அவர்களெல்லாம் எங்கே இருக்கிறார்கள்? ஷிப்டுக்குப் போகிறார்கள், ரேஷன் கடை வரிசையில் நிற்கிறார்கள், நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்த நோய் உள்ள பத்துப் பேரில் ஏழு பேருக்கு வைத்தியமே கிடைக்கவில்லை என்பதும் அதே கணக்கெடுப்பில் உள்ளதுதான். உன் பிள்ளைக்கு முதல் தடவையிலேயே சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். உனக்கு இப்போது இது பெரிதாகப் படாது. மாமாவுக்கு இதே நோய் வந்தபோது அந்தக் கொடுப்பினை இல்லை.

அவருக்கு முதலில் வந்தது சோர்வு. அப்போது பார்த்த ஒரு டாக்டர் சோர்வுக்கு மட்டும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். முன்னால் எப்போதாவது உற்சாகம் அளவுக்கு மீறி வந்ததுண்டா என்று கேட்கவில்லை. பைபோலார் உள்ளவருக்குச் சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால், சிலரை அது மேனியா பக்கம் புரட்டிவிடும். அதோடு நைட் ஷிப்டும் சேர்ந்துகொண்டது. சுரங்க வேலையில் ஷிப்ட் மாறுவதும், பகலில் ஜன்னலை மூடிக்கொண்டு தூங்கப் பார்ப்பதும் இங்கே வீட்டுக்கு வீடு பழக்கம். மற்றவர்களுக்கு அது களைப்போடு போய்விடும். இந்த நோய் உள்ளவருக்கு அப்படிப் போகாது.

தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. வள்ளலார் ஐயா 1867இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது, உனக்குத் தெரியும். அந்த அடுப்போடு சேர்த்து இன்னோர் அடுப்பு மூட்டும்படி ஐயா தனக்கு உத்தரவு கொடுத்திருப்பதாக மாமா சொன்னார். வாசலில் கல்லை அடுக்கினார். அரிசி மூட்டைகளைக் கடனுக்கு இறக்கினார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் தெருவிளக்கு வெளிச்சத்தில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பார். பூச நேரத்தில் வடலூரில் சோறு போடுகிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? தெருவே கையெடுத்துக் கும்பிட்டது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஒருநாள் தட்டு வாங்கும்போது அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். கொதிக்கிற கஞ்சி பட்டுப் பெரிய கொப்புளம் வந்து, உடைந்து, தோல் உரிந்து தொங்கியது. "எப்ப சுட்டுச்சு?" என்றேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பக்தியால் அன்னதானம் செய்கிறவர் களைத்தால் உட்காருவார், சுட்டால் கையை எடுப்பார். மாமாவால் உட்காரவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. அரிசிக் கடைக்காரர் பணம் கேட்டு வந்தபோது கரண்டியை ஓங்கினார். பிள்ளைகளை ஒரு அடி அடித்தறியாத மனுஷன் அவர்.

மேலே ஒரு வரியில் "அப்போது அவர் சந்தோஷமாக இருந்தார்" என்று எழுதியிருந்தேன். படித்துக் காட்டியதும் அதை அடிக்கச் சொன்னார். முதல் இரண்டு மூன்று நாள்தான் சந்தோஷமாம். அப்புறம் தலைக்குள் ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேசுகிற மாதிரி இருந்ததாம், எதிரில் நிற்கிற எல்லோருமே மந்தமாகத் தெரிந்தார்களாம், அந்த எரிச்சல்தான் அவருக்கு ஞாபகம் இருக்கிறதாம். "பெரியவன் ஆஸ்பத்திரியில உன்னைத் திட்டினான்னா, அவனுக்குள்ள என்ன ஓட்டம் ஓடுதுன்னு உனக்குத் தெரியாதுன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். பெரியவனுக்கு லித்தியம் ஆரம்பித்திருப்பதாகச் சொன்னாய். "செல்போன் பேட்டரியில போடுறதையா பிள்ளைக்குக் கொடுக்கறாங்க?" என்று மாப்பிள்ளை சத்தம் போட்டாராம். அவரிடம் சொல், அது உப்பு இனத்தைச் சேர்ந்த மருந்து. ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் 1949இல் மேனியா நோயாளிகள் பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூர் சாங்கி முகாமில் ஜப்பான்காரர்களிடம் கைதியாக இருந்து ஊர் திரும்பியவர் அவர். அதற்குப் பிறகு எத்தனையோ மருந்து வந்துவிட்டது. ஆனாலும் இந்த நோய்க்கு இதை முன்வரிசையில்தான் வைத்திருக்கிறார்கள். தற்கொலையைக் குறைக்கிறது என்று நல்ல ஆதாரம் உள்ள மருந்து இது. எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு வால்ப்ரோயேட், சிலருக்கு வேறு மருந்து. அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

நீ பார்க்க வேண்டியது வேறு. லித்தியத்துக்கு அளவு ரொம்ப முக்கியம். ரத்தத்தில் பொதுவாக 0.6இலிருந்து 1.0 வரை வைத்திருப்பார்கள். 1.5ஐத் தாண்டினால் விஷம். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் ஆன பிறகு ரத்தம் எடுக்க வேண்டும். அதனால் டெஸ்ட் அன்றைக்குக் காலை மாத்திரையைக் கொடுக்காமல் கையோடு கொண்டு போ, ரத்தம் எடுத்த பிறகு போடட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது கிட்னியும் தைராய்டும் பார்க்கச் சொல்வார்கள், விட்டுவிடாதே. தாகம் எடுக்கும், கை லேசாக நடுங்கும், அதற்குப் பயப்படாதே. ஆனால் வாந்தி பேதி ஆகி, நடுக்கம் அதிகமாகி, நாக்கு குழறி, நடை தள்ளாடினால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

நம் பக்கத்து வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேர்த்துக் கொட்டி உடம்பில் தண்ணியும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கத்திரி வெயிலில் மாமா எங்கே போனாலும் தண்ணி பாட்டில் கூடவே போகும். உன் மாமியார் பேரனுக்காக உப்பில்லா விரதம் வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னாய். விரதத்தை அவர்களே இருக்கட்டும், பெரியவனை இருக்க வைக்க வேண்டாம். திடீரென்று உப்பைக் குறைப்பது அவனுக்கு ஆபத்து. அதே மாதிரி, பல்வலி இடுப்புவலி என்று மெடிக்கலில் கேட்டால் டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரூஃபனோ எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதுவும் லித்தியத்தை ஏற்றும். எந்த மாத்திரை வாங்கினாலும் "லித்தியம் சாப்பிடுகிறான்" என்று முதலில் சொல்லிவிட்டு வாங்கு. சாதாரணக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும்.

மருந்துக்கு அடுத்தபடி தூக்கம். மாமாவுக்கு நைட் ஷிப்ட் வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் எங்கள் வீட்டில் அமைதி வந்தது. அலமாரியில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார், வேறொன்றும் எழுதுவதில்லை. ஒரு ராத்திரி நாலு மணி நேரத்துக்குக் கீழே போனால் பக்கத்தில் ஒரு புள்ளி. புள்ளி அடுத்தடுத்து விழுந்தால் டாக்டருக்குப் போன். மேனியா வருவதற்கு முன்னால் அவருக்கென்று சில அடையாளங்கள் உண்டு. விடிவதற்கு முன் எழுந்து பழைய சிநேகிதர்களுக்குப் போன் செய்வார், சட்டையெல்லாம் எடுத்து அயர்ன் செய்வார், சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போவார். பெரியவனுக்கு வேறு அடையாளங்கள் இருக்கும். காலேஜில் அவன் அறையில் கூட இருந்த பையன்களைக் கேள். முதலில் என்ன மாறியது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

நான் இந்தக் கடிதம் எழுதுவதே முக்கியமாக இனிச் சொல்லப்போவதற்காகத்தான். நோய் முற்றி நிற்கும்போது வீட்டில் எடுக்கிற முடிவெல்லாம் சண்டையில்தான் முடியும். அவனுக்குத் தனக்கு நோய் என்றே அப்போது தெரியாது. உனக்கோ கை காலெல்லாம் நடுங்கும். அதனால் முடிவெல்லாம் அவன் நன்றாக இருக்கும்போதே, அவனோடு உட்கார்ந்து, அவன் வாயால் சொல்லி எடுத்ததாக இருக்கட்டும். நானும் மாமாவும் அப்படித்தான் ஒரு தாள் எழுதி வைத்தோம். எந்த அடையாளம் தெரிந்தால் நான் டாக்டரைக் கூப்பிடலாம், எந்த ஆஸ்பத்திரி, எந்த மருந்து முன்னால் ஒத்துக்கொள்ளவில்லை, ஏடிஎம் கார்டும் வண்டிச் சாவியும் யாரிடம் இருக்க வேண்டும், அந்தச் சமயத்தில் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை, யாரை வீட்டுக்குக் கூப்பிடக் கூடாது, எல்லாம் அதில் உண்டு. நான் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதினார். சில இடங்களில் என்னோடு சண்டை போட்டு மாற்றினார். வண்டிச் சாவியை எடுத்துக்கொள்வது அவருக்குப் பிடிக்கவில்லை, ரொம்ப நேரம் பேசித்தான் சரி என்றார். கடைசியில் நான் கேட்காமல் அவராகவே ஒரு வரி சேர்த்தார். "அப்போது நான் உன்னைக் கேவலமாகப் பேசுவேன். அதை நான் பேசியதாக எடுத்துக்கொள்ளாதே." அடுத்த தடவை வந்தபோது அவர் பேசவும் செய்தார். நான் அடுப்படிக்குப் போய் அந்தத் தாளைப் படித்துவிட்டு வந்து டாக்டருக்குப் போன் செய்தேன்.

சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது, பாப்பா. 2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, வயசுக்கு வந்த யாரும் தனக்கு எப்படி வைத்தியம் செய்ய வேண்டும், எப்படிச் செய்யக் கூடாது, தன் சார்பில் பேசுகிற பிரதிநிதி யார் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். பெரியவன் பிரதிநிதியாக உன் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. அவன் சித்தப்பாவை எழுதினால் மனசு நோகாதே. அதே சட்டம் மனநோயாளியை எந்த வடிவத்திலும் சங்கிலி போட்டுக் கட்டக் கூடாது என்கிறது. மயக்க மருந்து கொடுக்காமல் கரண்ட் வைத்தியம் செய்யக் கூடாது என்கிறது. உடல்நோய்க்கு இன்சூரன்ஸ் இருக்கிற மாதிரியே மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. மாப்பிள்ளை கம்பெனி பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

சங்கிலியைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. யாரோ ஒரு தர்காவின் பேரைச் சொல்லி, "அங்க கொண்டுபோய் விட்டுட்டா மூணு மாசத்துல சரியாகி வந்துருவான்" என்றார்களாமே. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடிகாலை ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்துக் கொட்டகை எரிந்தது. சங்கிலியால் கட்டிப் போட்டிருந்ததால் 28 பேர் ஓட முடியாமல் செத்துப்போனார்கள். அவர்கள் எல்லோரையும் பெற்றவர்களோ கூடப்பிறந்தவர்களோதான் கொண்டுபோய் விட்டிருப்பார்கள், குணமாகிவிடும் என்று நம்பித்தான் விட்டிருப்பார்கள். அன்று செய்தியை டிவியில் பார்த்துவிட்டு மாமா சாப்பிடவில்லை. சாமி கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நானும் மாதாமாதம் பூசத்துக்கு வள்ளலார் சபைக்குப் போகிறேன், மாமா பேருக்கு வேண்டிக்கொள்கிறேன். ஏர்வாடி தர்காவிலேயே பிறகு "தவா-துவா" என்று பிரார்த்தனையோடு மனநல டாக்டரும் மருந்தும் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். கும்பிடப் போ, மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு போ. ஆனால் அவனை எங்கேயும் விட்டுவிட்டு மட்டும் வராதே.

மேனியா அடங்கிய பிறகு பெரும்பாலும் சோர்வு வரும். வீட்டில் எல்லோரும் "அப்பாடா, அமைதியாயிட்டான்" என்பார்கள். எனக்கு இதுதான் அதிகப் பயம். மாமா பின்கட்டில் உட்கார்ந்திருப்பார். காபி ஆறி ஆடை கட்டிக் கிடக்கும். "எழுந்து நாலு பேரைப் பார்த்தா சரியாயிடும்" என்று சொந்தக்காரர்கள் புத்தி சொல்வார்கள். கால் முறிந்தவரிடம் நடந்து பார் என்று சொல்வதும் அதுவும் ஒன்றுதான். நான் சின்னச் சின்னதாகத்தான் கேட்பேன். முகம் மட்டும் கழுவு, வாசல் வரைக்கும் வா. செய்தால் சரி, செய்யாவிட்டாலும் சரி. இன்னொன்றையும் நேரடியாகவே கேட்பேன்: "சாகணும்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படாதே, அப்படி ஆகாது. கேட்ட பிறகுதான் மாமா என்னிடம் பேசினார். மாத்திரை எல்லாம் உன் பொறுப்பில் பூட்டி இருக்கட்டும், லித்தியம் மொத்தமாக உள்ளே போனால் உயிருக்கு ஆபத்து. வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்தை இன்றைக்கே வீட்டை விட்டு அப்புறப்படுத்து. ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416, டெலி மானஸ், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள். நீயும் பேசலாம், அவன் மட்டும்தான் பேச வேண்டும் என்றில்லை.

யார் வம்சத்திலிருந்து வந்தது என்று உங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து ஓடுவதாகச் சொன்னாய். பரம்பரைக்கு இதில் பங்கு உண்டுதான். ஆனால் பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தாலும் பத்துப் பிள்ளைகளில் ஒன்றுக்குத்தான் வரும் என்று எங்கள் டாக்டர் சொன்னார். நம் அம்மாவின் சித்தப்பா ஒருவர் நிலத்தை விற்று ஊருக்கெல்லாம் வேட்டி எடுத்துக் கொடுத்துவிட்டு, அப்புறம் வருஷக்கணக்கில் திண்ணையை விட்டு இறங்காமல் கிடந்தாராம், ஞாபகம் இருக்கிறதா? அவருக்கு என்னவென்று இனி யார் சொல்ல முடியும்? அவரை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது, அவ்வளவுதான். பழி சொல்ல ஆள் தேடுவதை இரண்டு வீட்டாரும் நிறுத்தட்டும்.

கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளாதே. பின்னால் அந்தக் காலம் வரும்போது பெண்ணிடமும் பெண் வீட்டாரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். படிப்பு ஒரு செமஸ்டர் பின்னுக்குப் போனால் போகட்டும். மேனியாவில் வாங்கிக் குவித்ததை முடிந்தவரை திருப்பிக் கொடுங்கள், கடனை நீங்களே பேசி முடியுங்கள். ஆனால் அந்தக் கணக்கை அவன் முன்னால் திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள். குணமாகி வரும்போது அவனே அதை நினைத்து வெட்கத்தில் கூசுவான்.

கொஞ்ச நாளில் தேறிவிடுவான். அப்போது "நான்தான் நல்லா இருக்கேனே, எதுக்கு மாத்திரை?" என்பான். அதற்கு உன்னிடம் பதில் இருக்காது, நீ சொன்னாலும் கேட்க மாட்டான். மாமாவும் அதே கேள்வியைக் கேட்டு, மாத்திரையை நிறுத்தி, மறுபடி ஆஸ்பத்திரி வரை போய் வந்தவர். அதனால் அவர் அவனுக்குத் தனியாக எழுதுகிறார். பக்கத்து அறையில்தான் எழுதிக்கொண்டிருக்கிறார், என்னிடம் காட்ட மாட்டாராம். அந்தக் கவரைப் பிரிக்காமல் அவன் கையில் கொடு.

டிஸ்சார்ஜ் என்றைக்கு என்று தெரிந்ததும் போன் செய். நாங்கள் இருவரும் வந்து சில நாள் தங்குகிறோம். ராத்திரி நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு. பண்ருட்டிப் பலாப்பழம் கொண்டு வரவா, இல்லை அவனுக்கு இப்போது இனிப்பு இறங்கவில்லையா என்று கேட்டுச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா